காட்டை உண்டாக்கியவன் யார்?

(ஓசூரில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "காட்டை உண்டாக்கியவன் யார்?" என்பதாகும். நோட்டீசைப் பார்த்த தோழர் ஒருவர், "இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற ஊரில் வந்து காட்டைப் பற்றிப் பேசுவானேன்? ஒப்பந்தக் கூலியைப் பற்றிப் பேசக்கூடாதா?" என்று நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், இந்தத் தொழிற்பேட்டையை விட்டுப் பஸ் ஏறினால் தளியும் தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் எவ்வளவு தூரம்? அந்தக் காடுகளிலிருந்து இறங்கி வந்து, கிடைத்த கூலிக்குப் பெருக்கவும் சுமக்கவும் கட்டடம் கட்டவும் நிற்கிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். காட்டில் அவனுக்கு உரிமை இருந்தால் அவன் ஏன் இங்கே வந்து உங்கள் கூலியில் பாதிக்கு நிற்கிறான்? ஆகவே காட்டு விஷயமும் கூலி விஷயந்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, நாம் சொல்லுவதைக் கேளுங்கள். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

முதலில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். சில மாதங்களுக்கு முன் அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு இருளர் குடியிருப்புக்குப் போயிருந்தோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் ஒருவர் நம்மைக் கண்டதும், "வா சாமி, குந்து சாமி" என்றார். "பெரியவரே, நாம் சாமி அல்ல, சாமியே இல்லை என்று சொல்லித் திரிகிறவர்கள்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "சரி சாமி" என்றார்.

குடியிருப்பை ஒட்டினாற்போல் பழைய புளிய மரங்கள் வரிசையாக நின்றன. "இவற்றை வைத்தது யார்?" என்று கேட்டோம். "யார் வெப்பாங்க? அந்தச் சாமி குடுத்தது" என்றார். அதன் பிறகு அன்று சாயந்திரம் வரையில் அவரோடு காட்டுக்குள் நடந்தோம். புதருக்குள் கல்லை அடுக்கிய வரப்பு ஒன்று ஓடியது; அது தம் பாட்டன் காலத்துக் கொத்துக்காடு என்றார். பாறையில் குழி இருந்தது. அது சாமை குத்திய உரல் என்றார். இன்னும் கொஞ்ச தூரத்தில் புதைத்த மேடுகள். யார் யார் என்று பேர் பேராகச் சொன்னார். எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் வாயைத் திறந்தவுடன் வந்த பதில், "சாமி குடுத்தது" என்பதுதான்.

திரும்பும்போது அவரே இன்னொன்றும் சொன்னார். நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டார்களாம். விசாரிக்க வந்தவர், "இந்த மரமெல்லாம் யாருடையது?" என்று கேட்டாராம். பெரியவர் தமது வழக்கப்படி, "சாமி குடுத்தது" என்றாராம். வந்தவர், "அப்படியானால் இயற்கைக் காடு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம். மனு தள்ளுபடியாயிற்று!

தோழர்களே! கடவுள் நம்பிக்கையால் மனிதன் இழந்ததைப் பற்றி இருபது வருஷமாக மேடைகளில் பேசி வருகிறோம். ஆனால் ஒரே வாக்கியத்தில் ஒரு மனிதன் தன் பாட்டன் சொத்தைக் கடவுள் பேருக்கு எழுதிக் கொடுத்ததையும், கடவுளின் ஏஜெண்டாக வந்தவர் அதைச் சர்க்கார் கணக்கில் சேர்த்துக்கொண்டதையும் அன்றைக்குத்தான் நேரில் கண்டோம்.

இதற்காக அந்தப் பெரியவரைப் பரிகாசம் செய்ய நாம் இங்கு வரவில்லை. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிற நாமும் அதையேதான் செய்துவருகிறோம். சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் சிறு கோயில்களிலும் பிள்ளையார் மேடைகளிலும் வழவழப்பான கருங்கற்களைக் குவித்து வைத்து, குங்குமம் வைத்துக் கும்பிடுவதைப் பார்க்கலாம். அவை என்ன? நாலாயிரம் வருஷங்களுக்கு முன் நம் முன்னோர் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய புதிய கற்காலக் கோடரிகள்! மரம் வெட்டவும் புதரை அழிக்கவும் நிலம் திருத்தவும் கையில் பிடித்த ஆயுதம் அது. உழைத்தவன் ஆயுதத்தைக் கடவுளாக்கினோம், உழைத்தவனை மறந்தோம். கோடரிக்குச் சந்தனம், கோடரி பிடித்தவனுக்குப் பட்டை நாமம்!

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லசந்திரம் குன்றின் மேல் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, வீடு போல் கட்டிய ஈமச் சின்னங்கள் கூட்டமாக இருக்கின்றன. செத்தவர்களுக்காக உயிரோடிருந்தவர்கள் உயிரைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திய கற்கள் அவை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சின்னங்களை ஜனங்கள் எப்படி அழைக்கிறார்கள்? பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் குகை என்று அழைக்கிறார்கள். பாண்டவர்கள் இங்கே எப்போது வந்தார்கள்? அவர்களுக்குக் கல் சுமந்த கூலி யார்? ஒருவரும் கேட்பதில்லை. நம் பாட்டன் செய்தான் என்று சொல்ல மாத்திரம் நமக்கு வாய் வருவதில்லை. நம் பாட்டனுக்கு அவ்வளவு யோக்கியதை இருந்திருக்க முடியாதென்பது நமது முடிவு. இந்த முடிவை நமக்குக் கற்பித்தவர்கள் யாரோ, அவர்களே இதனால் லாபமடைந்தவர்கள்.

இனி, காடு எப்படிக் கடவுள் செய்ததல்ல என்பதைப் பார்ப்போம். கடவுளும் செய்யவில்லை, மனிதன் கையும் படவில்லை, "இயற்கை அன்னை" செய்தாள் என்று சொல்லுகிற நாகரிகக் கனவான்கள் இன்று பெருகிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, மலையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, "மனிதன் கால் படாத காடு" என்று எழுதுகிறார்கள். இவர்கள் பழைய கடவுளுக்குப் புதுப் பெயர் வைத்தவர்களே தவிர வேறல்ல. அந்தக் காட்டில் கால் வைத்தவனும் கை வைத்தவனும் பத்து அடி தள்ளி விறகு சுமந்துகொண்டு போகிறான். அவர்கள் கண்ணுக்கு அவன் தெரிவதில்லை.

நம் காட்டில் மனிதன் கை எப்போது பட்டது? பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் பையம்பள்ளி என்ற ஊரில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறையார் தோண்டியபோது, புதிய கற்கால மனிதர் வாழ்ந்த இடமும், அவர்கள் தின்ற கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. நமது பர்கூருக்கு அருகே மயிலாடும்பாறையில் 2021-ல் மாநிலத் தொல்லியல் துறையார் தோண்டினார்கள். அங்கே இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று ஆராய்ச்சிச்சாலை கணக்கிட்டுச் சொன்னது. 2022-ல் சட்டசபையிலேயே அதை அறிவித்தார்கள். இன்றைக்கு 4,200 வருஷத்துக்கு முன் இந்த மண்ணில் இரும்பு இருந்திருக்கிறது! இரும்பு என்றால் என்ன? உலை வேண்டும், உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். உண்டான இரும்பு மறுபடியும் கோடரியாகவும் கொத்தாகவும் காட்டுக்கே போகும். அந்த நாள் முதல் வெட்டப்பட்டும், சுடப்பட்டும், விதைக்கப்பட்டும், விடப்பட்டும், திரும்ப முளைத்தும் வந்த காட்டைத்தான் இன்று நாம் பார்க்கிறோம்.

வள்ளி தினைப்புனம் காத்தாள் என்று கதை சொல்லுகிறோம். கல்யாண உற்சவம் நடத்துகிறோம். புனம் என்றால் என்னவென்று எந்தப் புராணிகராவது சொன்னதுண்டா? மலைச் சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டி, காயவைத்து, மழைக்கு முன் சுட்டு, சாம்பலில் தினையும் சாமையும் அவரையும் விதைத்து, இரண்டு மூன்று வருஷம் எடுத்துவிட்டு, மண் இளைத்தவுடன் அதை விட்டு வேறு துண்டுக்குப் போவது புன வேளாண்மை. சங்கப் பாட்டுகளிலேயே இது கூறப்படுகிறது. விட்ட துண்டில் பல வருஷத்துக்கு மரம் வளரும். ஆனால் எல்லா மரத்தையும் ஒன்றாக வெட்டுவதில்லை. நெல்லி, கடுக்காய், இலுப்பை போன்ற பலன் தரும் மரம் நிற்கும், மற்றது போகும். இந்தப்படி ஐம்பது தலைமுறை நடந்தால் காட்டில் எந்த மரம் மிஞ்சும்? மனிதன் வேண்டுமென்று விட்ட மரந்தான் மிஞ்சும். இதற்குக் கடவுளும் வேண்டியதில்லை. கல்லூரிப் படிப்பும் வேண்டியதில்லை.

கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைவாசிகள் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டும்போது, கொடியோடு சேர்ந்த தலைப்பாகத்தைக் குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் கிழங்கு இருக்கும். நகரத்தான் அதைக் கண்டால் "காட்டில் தானாக முளைத்த கிழங்கு" என்பான். தானாக முளைத்ததா? நட்டவள் ஒருத்தி இருந்தாள். அவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புளிய மரத்துக்கு வருவோம். புளி ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம் என்பது தாவர நூலார் பலருடைய முடிவு. நாம் தின்னும் களிக்கு ராகி. ராகியும் ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டதுதான். எத்தனையோ கைகள் மாறி, கடல் தாண்டி இந்த மலைக்கு வந்து சேர்ந்த மரத்தைப் பார்த்து, "சாமி குடுத்தது" என்று சொன்னால், அந்தச் சாமி எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்கவேண்டாமா?

"கோயில் காடு இருக்கிறதே, அது ஆதிகாலந்தொட்டுத் தெய்வம் காத்த காடல்லவா?" என்று வைதிக நண்பர்கள் கேட்பார்கள். நமக்கு மேற்கே குடகு நாட்டில், நல்ல மழைக்காட்டுப் பிரதேசத்தில், 'தேவரகாடு' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கோயில் காடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை எடுத்து ஆராய்ந்தார்கள். எப்படியென்றால், ஈரச் சேற்றில் வருஷா வருஷம் விழும் மகரந்தத் தூள் அழியாமல் அடுக்கடுக்காகத் தங்கும். சேற்றைக் குழாய் போட்டு எடுத்து, எந்த அடுக்கில் எந்தச் செடியின் தூள் என்று பூதக்கண்ணாடியில் எண்ணினால், எந்தக் காலத்தில் அங்கே காடு இருந்தது, எப்போது புல்வெளி இருந்தது என்பது விளங்கிவிடும். 2014-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், அந்த இடங்கள் ஆதிக் காட்டின் மிச்சமல்ல என்று தெரிந்தது. முன்னே வெட்டவெளியாயிருந்த இடத்தில் சில நூறு வருஷங்களுக்குள் மரம் அடர்ந்திருக்கிறது. அதாவது, ஜனங்கள் "இங்கே வெட்டாதே" என்று கட்டுப்பாடு செய்தார்கள்; காடு வந்தது. கட்டுப்பாடு செய்தவன் மனிதன், கீர்த்தி தெய்வத்துக்கு!

இது நம் ஊர் சங்கதி மாத்திரமல்ல. உலகத்திலேயே பெரிய மழைக்காடு தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அதையும் வெகுகாலம் "மனிதன் கை படாத ஆதிவனம்" என்றே பள்ளிக்கூடத்தில் போதித்தார்கள். 1541, 1542-ல் ஒரெல்லானா என்ற ஸ்பானியத் தளபதி அந்த நதியில் முதன்முதல் கடைசிவரை படகில் போனார். கரையெங்கும் ஊர் ஊராக ஜனங்கள் இருந்ததாக அவரோடு போன பாதிரியார் எழுதி வைத்தார். பின்னால் போனவர்கள் காட்டைத்தான் கண்டார்கள். ஆகவே பாதிரியார் பொய் சொன்னார் என்றார்கள். வாஸ்தவம் என்னவென்றால், வெள்ளைக்காரர் கொண்டுபோன அம்மையும் மற்ற தொற்று நோய்களும் அடிமை வேட்டையும் அந்த ஜனங்களை வாரிக்கொண்டு போய்விட்டன. ஆளில்லாத ஊரைக் காடு மூடிற்று. மூடின காட்டைப் பார்த்து, "இங்கே ஆளே இருந்ததில்லை" என்றார்கள். கொன்றவன் சொல்லுகிற சரித்திரம் இப்படித்தான் இருக்கும்!

இப்போது உண்மை வெளிவந்துவிட்டது. அமேசான் மண் பெரும்பாலும் சத்தில்லாத மண். ஆனால் அங்கங்கே கரிய வளமான மண் திட்டுக்கள் இருக்கின்றன. தோண்டினால் கரி, எலும்பு, உடைந்த பானை, குப்பை. அதாவது, பழைய ஜனங்கள் தங்கள் குப்பையையும் கரியையும் சேர்த்து உண்டாக்கிய மண்! நூற்றாண்டுகள் கழிந்தும் அது விளைகிறது. ஆகாயத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, மரங்களின் கீழுள்ள தரையை அளக்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. அதைக் கொண்டு ஈக்குவடார் தேசத்து உபானோ பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 2,500 வருஷத்துக்கு முன் தொடங்கிய ஊர்க் கூட்டத்தைக் கண்டுபிடித்து, 2024-ல் வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மண் மேடைகள், நேரான சாலைகள், வாய்க்கால், வயல். எல்லாம் காட்டுக்கு அடியில்!

மரத்தைப் பற்றியும் கேளுங்கள். அந்தக் காட்டில் ஏறக்குறைய 16,000 வகை மரங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 227 வகை மட்டுமே மொத்த மரங்களில் பாதியாக இருக்கின்றன. 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், பழங்குடிகள் பழக்கி வளர்த்த 85 வகை மரங்களைப் பார்த்தபோது, அவை இந்தப் பெருங்கூட்டத்தில் இடம்பெறும் விகிதம் மற்ற மரங்களைப் போல் ஐந்து மடங்கு என்று கண்டார்கள். பழைய குடியிருப்புகளுக்கு அருகே போகப் போக அவை அதிகமாகின்றன. காடு முழுவதிலும் மனிதன் கை எவ்வளவு தூரம் சென்றது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தர்க்கம் நடக்கிறது. நடக்கட்டும், அதுதான் விஞ்ஞானம். கை பட்டதா இல்லையா என்பதில் தர்க்கமில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். சேலத்து ஜவ்வரிசி மில்லுக்கு வண்டி வண்டியாகப் போகிறதே மரவள்ளிக்கிழங்கு, அதைப் பயிராக்கியவன் அமேசான் பக்கத்துப் பழங்குடி. அதன் சில வகைகளில் விஷம் உண்டு. அதைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, விஷத்தை நீக்கித் தின்னக் கண்டுபிடித்தவனும் அவன்தான். எத்தனை பேர் தின்று பார்த்து மாண்ட பிறகு இந்த அறிவு கிடைத்திருக்கும்? அவனை "அறிவில்லாத காட்டுமிராண்டி" என்று சொல்லிக்கொண்டே அவன் கிழங்கில் மில் நடத்துகிறோம்.

"இதை யாரும் செய்யவில்லை" என்று சொல்லுவது வெறும் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் செய்யாத நிலம் யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாததைப் பலசாலி எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அதன் சட்ட அர்த்தம். ஆஸ்திரேலியாவில் 1788-ல் இறங்கிய வெள்ளைக்காரர்கள் இந்த நியாயத்தையே பேசினார்கள். அங்கே பூர்வகுடிகள் பல்லாயிரம் வருஷமாக, காலம் பார்த்துத் தீ வைத்து, புல்லையும் வேட்டையையும் காட்டையும் தங்களுக்கு வேண்டியபடி அமைத்திருந்தார்கள். ஆனால் வேலி இல்லை, பத்திரம் இல்லை. ஆகவே ஆளில்லா நிலம்! இந்தப் பொய்யை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட 1992-ம் வருஷம் வரை ஆயிற்று. இருநூறு வருஷம்!

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். கோடு போட்டு, "இது ரிசர்வ் காடு" என்றார்கள். கோட்டுக்குள் இருந்தவன் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவனானான். "புனம் சுட்டுக் காட்டை அழிக்கிறான்" என்பது குற்றச்சாட்டு. சரி, காட்டை அழித்தது யார்? 1830-களில் பரங்கிப்பேட்டை இரும்புக் கம்பெனிக்காகச் சேலம் ஜில்லாக் காடுகள் கரியாயின. பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கடியில் போடக் கட்டை, இஞ்சினில் எரிக்க விறகு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. நாலாயிரம் வருஷமாகப் புனம் சுட்டவனுக்குக் காடு மிஞ்சியிருந்தது. நாற்பது வருஷம் ரயில் ஓட்டியவனுக்கு மிஞ்சவில்லை. ஆனால் குற்றவாளி யார்? புனம் சுட்டவன்!

நீலகிரியிலும் இதே கூத்து. அங்கே மலைமேல் இருக்கும் புல்வெளிகள் தோடர்கள் தீ வைத்துக் காட்டை அழித்ததால் உண்டானவை என்று வெகுகாலம் சொன்னார்கள். அழிந்த காட்டைத் திருத்துகிறோமென்று யூக்கலிப்டஸையும் சீகை மரத்தையும் நட்டு நீரை உறிஞ்சவிட்டார்கள். 1993-ல் அந்த மலைச் சேற்றை ஆராய்ந்தபோது, இருபதாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரிந்தது. நல்லது செய்தால் கடவுள் செய்தார். கெட்டது என்று தோன்றினால் காட்டுவாசி செய்தான். இதுதான் நடந்துவந்த கணக்கு.

இதனால் காட்டுக்காவது லாபமுண்டா? நமக்கு அடுத்த கர்நாடகத்தில், பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். கோடைக்கு முன்பே, சருகு அதிகம் சேருவதற்குள், தரையோடு தரையாகச் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். 1974-ல் அந்த மலை சரணாலயமானதும் தீயும் நின்றது, புனமும் நின்றது. அதற்குப் பின் உண்ணிச்செடி வந்து மூடிற்று. அது நம் ஊர்ச் செடியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் பூவுக்காகக் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி. 1997-க்கும் 2008-க்கும் இடையே அது அந்த மலையில் பரவியிருந்த இடம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர் அளந்து சொன்னார்கள். சிறு தீயை நிறுத்தியதால்தான் இது வந்தது என்பது சோலிகர்கள் சொல்லும் காரணம். முதலில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. பிறகு ஆராய்ச்சிக்காரர்களே அதை ஆராயத் தொடங்கினார்கள். நம் அஞ்செட்டிக் காட்டிலும் உண்ணிச்செடியைப் பார்க்கலாம். மாடும் தின்னாது, மானும் விரும்பாது.

தோழர்களே! இதைக் கேட்டு, "ஆகா, பழங்குடிகள் எல்லாம் ஞானிகள், நம் முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை" என்று யாராவது கிளம்பினால் அதையும் நாம் ஒப்பமாட்டோம். வேதத்தில் ஆகாய விமானம் இருந்ததென்று பீற்றுகிறவனுக்கும் அவனுக்கும் என்ன பேதம்? முன்னோர் பிசகியும் இருப்பார்கள். மண்ணைக் கெடுத்தும் இருப்பார்கள். பிசகினவர்கள் பட்டினி கிடந்து கற்றுக்கொண்டிருப்பார்கள். இன்று உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கும் காட்டில் கண்டபடி தீ வைத்தால் பழைய பலன் வராது, பெருந்தீதான் வரும். நாம் சொல்லுவது ஒன்றே ஒன்று. அவர்கள் தேவர்களுமல்ல, மிருகங்களுமல்ல. நம்மைப் போல் கையும் மூளையும் உள்ள மனிதர்கள். அவர்கள் வேலையை அவர்கள் கணக்கில் எழுதுங்கள் என்பதுதான்.

ஏன் எழுதவேண்டும்? இதோ காரியத்துக்கு வருகிறோம். 2006-ல் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டு ஜனங்களுக்குச் சரித்திர பூர்வமாக அநீதி இழைக்கப்பட்டது என்று அந்தச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்ளுகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பாடுபட்டுவரும் பழங்குடிக்கு நாலு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. அன்றியும், ஊர் முழுவதற்கும் பொதுவாகக் காட்டைக் காக்கவும் அனுபவிக்கவும் உரிமை உண்டு. மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. நாம் சொன்ன சோலிகர்கள் 2011-ல் புலிக் காப்பகத்துக்குள்ளேயே இந்தப் பொது உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டிலோ வழக்கின் காரணமாகப் பட்டாக் கொடுப்பது பல வருஷம் நின்று, 2016-க்குப் பிறகே வழி திறந்தது. இதற்கிடையில் நமது காவிரி வடக்கு வனம் 2014-லும் காவிரி தெற்கு வனம் 2022-லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வன விலங்கைக் காப்பது வேண்டியதுதான். அதற்கு நாம் விரோதிகளல்ல. ஆனால் சரணாலயம் என்றதும் அந்தச் சட்டம் கொடுத்த உரிமை போய்விடாது என்பது அங்குள்ளவனுக்குத் தெரியவேண்டாமா?

அந்தச் சட்டத்தின் விதிகளில் சாட்சியம் என்னவென்று சொல்லியிருக்கிறார்கள். சர்க்கார் காகிதம் மட்டுமல்ல. வீடு, வரப்பு, நிலத்தைச் சமன் செய்த அடையாளம், தடுப்பணை, பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் இவையெல்லாம் சாட்சி. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் வாயால் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலமும் சாட்சி. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டது இருந்தால் போதும். கேட்டீர்களா? அந்தப் பெரியவர் நம்மோடு நடந்து காட்டிய கல் வரப்பும் புதைமேடும்தான் அவருடைய பத்திரம்! மற்ற ஊர்ப் பெரியவர்கள் வாய்ச்சொல்லே தஸ்தாவேஜு! அவரோ "சாமி குடுத்தது" என்று சொன்னார், போயிற்று. "என் பாட்டன் வைத்தான்" என்று சொல்லியிருந்தால் அது எழுத்தில் ஏறியிருக்கும். வழிபாட்டிடத்தையும் சாட்சியாகக் காட்டட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. கோயிலைக் கட்டியவன் மனிதன்தான் என்பதற்கு அதைவிட நல்ல ருசு ஏது?

ஆகையால் ஓசூர்த் தொழிலாளத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். உங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து மலை ஊர்களுக்குப் போங்கள். உபதேசம் செய்யப் போகவேண்டாம், கேட்கப் போங்கள். எந்த மரத்தை யார் வைத்தது, எந்த வரப்பை யார் போட்டது, எந்தக் கிழங்கு எந்தச் சரிவில், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று பெரியவர்களை, முக்கியமாகப் பெண்களை, கேட்டு அவர்கள் முன்னிலையிலேயே எழுதிப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தையும் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக் கிராம சபையில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுபது வயதுக்காரர் ஒவ்வொருவர் சாகும்போதும் ஒரு ஊரின் பத்திரம் எரிகிறது. காட்டில் உரிமை பெற்றவன் உங்கள் வாசலில் பாதிக் கூலிக்கு நிற்கமாட்டான். ஆகவே இது தருமமல்ல, உங்கள் சொந்தக் காரியம்.

நாம் மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம். பெரியவரும் ஊராரும் புதிதாக மனு எழுத உட்கார்ந்தார்கள். "இந்தப் புளிய மரம் யார் வைத்தது?" என்று நம்மோடு வந்த இளைஞர் கேட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் பாட்டன் பேரைச் சொன்னார். அடுத்த மரத்துக்குப் பாட்டி பேரைச் சொன்னார். மூன்றாவது மரத்துக்கு வந்ததும், "இது யாருன்னு எனக்குத் தெரியல. ஆனா ஆள்தான் வெச்சிருக்கணும்" என்றார்.

தோழர்களே! இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரசங்கம் நம்மால் செய்ய முடியாது. மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. முடிவு எதுவானாலும், அதில் "இயற்கைக் காடு" என்று இனி ஒருவரும் சுலபமாக எழுதிவிட முடியாது.